பாயை இறக்கி என்ஜினை ஏற்றினால்...



பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது நம் தாமிரபரணி. இந்த ஆற்றைப் பற்றி நம்மில் யாரைக் கேட்டாலும் அணை, கால்வாய், நெல்வயல், பாபநாசம் மின்நிலையம் என்று கடகடவென்று சொல்லிவிடுவோம். ஆறு போய்ச் சேருகிற கரையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும், "மீன் பிடிப்பாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்தக் கரையில் ஒரு மனித ஆயுளுக்குள் மிகப் பெரிய இயந்திர மாற்றம் ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. பல நூற்றாண்டுகளாகக் காற்றை நம்பி ஓடிய கலங்கள் பாயை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறின. இதை "பழசு போச்சு, புதுசு வந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் நாம் டிப்ளமோ படிப்பவர்கள். எத்தனை குதிரைத்திறன் தேவைப்பட்டது, எத்தனை போட்டார்கள், இடையில் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை

பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆறு கொண்டுவந்த மண்ணே துறைமுகத்தை மூடிவிட்டது. அதற்குப் பின் பழைய காயல் பெரிய துறையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் அதுதான். பிறகு போர்த்துகீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் சரக்குப் போக்குவரத்தும் பாயை நம்பியே நடந்தன.

நீராவிக் கப்பல் வந்ததும் பாய் ஒழிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். தூத்துக்குடியில் நடந்தது வேறு. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்து தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஓட்டிய வரலாறு நமக்குத் தெரியும். தூத்துக்குடிக் கடல் கரையோரம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போட முடியும். அங்கிருந்து கரைக்கும், கரையிலிருந்து அங்கேயும் சரக்கை எடுத்துப் போனவை தோணிகள். நீராவி வந்ததால் பாய்க்கு வேலை கூடியது!

மரத்தால் கட்டிய இந்தத் தோணிகள் கொழும்புக்கு நேரடியாகவும் சரக்கு ஏற்றின. ஏறக்குறைய 150 கடல் மைல் தூரம். 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் சுவரோரம் வந்து கட்டத் தொடங்கிய பிறகும் பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. 1980-கள் வரைகூடப் பாயையே முதல் ஆதாரமாகக் கொண்ட தோணிகள் இருந்தன. அதற்குப் பிறகு எல்லாம் என்ஜின்தான். இன்றும் சில தோணிகள் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, கட்டுமானப் பொருள் என்று ஏற்றிப் போகின்றன. அவற்றின் பெயருக்கு முன்னால் 'எம்.எஸ்.வி.' என்று எழுதியிருக்கும். 'விசை பொருத்திய பாய்மரக் கலம்' என்று பொருள். என்ஜின் முழு வேலையும் பார்த்தாலும் பெயரில் பாய் இன்னும் இறங்கவில்லை.

காற்றின் டைம் டேபிள்

பாயில் ஓடுகிறவனுக்குக் காற்றுதான் டைம் டேபிள். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும். அந்தத் தரைக்காற்றில் வள்ளங்கள் வெளியே போகும். பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பும். பிற்பகல் கடல்காற்றில் வீட்டுக்கு வரலாம். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. இரண்டுக்கும் பில் கிடையாது.

இதற்கு மேல் பருவக் காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த மாதத்தில் எது அடிக்கும், எப்போது கடலுக்குப் போகாமல் வலை பின்ன வேண்டும் என்பதெல்லாம் தண்டலுக்கு, அதாவது தோணித் தலைவனுக்கு, மனப்பாடம்.

ஆனால் பாய் என்பது சும்மா வந்த சொர்க்கம் இல்லை. காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். எதிர்காற்று என்றால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து போக வேண்டும். நேராக 10 மைல் என்றால் ஓட்டம் 15 மைலைத் தாண்டிவிடும். பருமலை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். பாய்த்துணி மக்கும், கயிறு அறும். பிடித்த மீன் வெயிலில் கெட்டுப்போகும். இதையெல்லாம் அனுபவித்தவர்கள் என்ஜினைக் கண்டதும் விட்டால் போதும் என்று மாறியதில் ஆச்சரியம் இல்லை.

பாய்க்கு எத்தனை குதிரைத்திறன்?

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். 50 சதுர மீட்டர் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயின் மேல் படுகிற காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டர். காற்றின் அடர்த்தியில் பாதி (சுமார் 0.6), வேகத்தின் வர்க்கம் (64), பரப்பு (50) மூன்றையும் பெருக்கினால் 1,920 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 195 கிலோ விசை. பாயின் விசைக் குணகம் 1 என்றும், விசை முழுவதும் முன்னோக்கி வேலை செய்கிறது என்றும் தாராளமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படகு 5 நாட் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர் ஓடுகிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் 4,800 வாட். குதிரைத்திறனில் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு.

அவ்ளோதான்! அவ்வளவு பெரிய பாய் செய்த வேலை ஆறரைக் குதிரைத்திறன். சின்னப் படகின் புரொப்பல்லர், தண்டு கொடுக்கும் சக்தியில் பாதியைத்தான் தள்ளுவிசையாக மாற்றும் என்று வைத்தாலும், அதே வேலைக்கு 12, 13 குதிரைத்திறன் என்ஜின் தாராளம். ஃபைபர் வள்ளங்களில் சுமார் 10 குதிரைத்திறன் வெளிப்பொருத்து என்ஜினை மாட்டிக்கொண்டு போகிறார்களே, அது இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் ஏன் நூறு?

பாய் செய்த வேலைக்கு 13 போதும் என்றால் விசைப்படகில் ஏன் 100, 200 என்று ஏறுகிறது? தமிழக விதிகளில் 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு போட வேண்டிய நிலை ஏன் வந்தது?

முதல் காரணம் வலை. 'ட்ராலர்' என்ற பெயர் என்ஜினால் வந்ததில்லை, வலையால் வந்தது. கடலடியில் இழுத்துப் போகிற பை போன்ற வலைக்குத்தான் அந்தப் பெயர். நம்மூரில் இழுவலை, மடி என்பார்கள். இங்கிலாந்தின் பிரிக்ஸ்ஹாம் துறையில் 19-ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கலங்களே ட்ரால் வலை இழுத்தன. ஆனால் பாயின் இழுவிசை நாம் பார்த்த மாதிரி 200 கிலோ அளவில் நின்றுவிடும், அதுவும் காற்று இருந்தால். என்ஜினுக்கு மெதுவாக இழுக்கும்போது ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 10 கிலோ இழுவிசை என்பது ஒரு தோராய விதி. 100 குதிரைத்திறன் என்றால் ஒரு டன்! பெரிய வலை, ஆழமான கடல், காற்றில்லாத நாள் எதுவும் தடை இல்லை.

இந்தியக் கடலில் இதற்குப் பெரிய தொடக்கம் நம் பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. 1952-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் 1953-இல் தொடங்கியது. முதலில் உள்ளூர்ப் படகுகளுக்கே என்ஜின் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு என்ஜினுக்கென்றே சிறிய விசைப்படகுகளைக் கட்டினார்கள். 1960-களில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் இழுவலை இரண்டு கரையிலும் பரவியது.

இரண்டாவது காரணம் நேரம். முதலில் போனவனுக்கு நல்ல இடம், முதலில் வந்தவனுக்கு நல்ல விலை. பக்கத்துப் படகு 100 போட்டால் நாம் 120 போட வேண்டும், அவர் 150-க்குப் போவார். படகை நகர்த்துவதற்கு வாங்கியது 13 குதிரைத்திறன். மீதி எல்லாம் வலைக்கும் போட்டிக்கும் வாங்கியது.

இதன் விளைவு கடலில் தெரிந்தது. கரையோரத்தில் பாயிலும் துடுப்பிலும் மீன் பிடித்தவர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் 1970-களில் தமிழகக் கரையில் மோதல்கள் வெடித்தன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய 3 கடல் மைல் விசைப்படகுக்கு இல்லை என்று அப்போது விதி செய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவானது. 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 2017 முதல் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு சில மாதங்களில் காற்றே படகைக் கரையில் நிறுத்தியது. என்ஜினை நிறுத்தச் சட்டம் தேவைப்படுகிறது.

வேகத்தின் விலை

டீசல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். சராசரியாக 100 குதிரைத்திறனில் 10 மணி நேரம் ஓடினால் 200 லிட்டர். அன்றைய ரேட்டைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வரிவிலக்கு டீசல் கொடுத்தும் ஏன் படகுக்காரர்கள் மூச்சு முட்டுகிறார்கள் என்பது புரியும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த 200 லிட்டருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். என்ஜின் கடனுக்கு வட்டி தனி. அதனால் மீன் குறைந்த நாளிலும் போகிறார்கள். போனால்தானே கடன் அடையும்!

இங்கே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. தண்ணீரில் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கினால் வேகம் 26 சதவீதம்தான் கூடும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 36 அடி என்றால் 6 பெருக்கல் 1.34, சுமார் 8 நாட். அந்த வேகத்தை நெருங்கினால் படகு தானே எழுப்பிய அலையில் தானே ஏற வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஊற்றுகிற டீசல் பெரும்பாலும் அலை எழுப்பத்தான் போகும்.

ஒரு தோணி 8 நாட் ஓட 100 குதிரைத்திறன் கேட்கிறது என்று வைப்போம். 150 கடல் மைலுக்கு 18 மணி 45 நிமிடம், 375 லிட்டர். அதையே 7 நாட்டுக்கு இறக்கினால் 67 குதிரைத்திறன் போதும். பயணம் சுமார் இருபத்தொன்றரை மணி, செலவு 287 லிட்டர். 2 மணி 40 நிமிடம் பொறுத்தால் 88 லிட்டர் மிச்சம்! புது என்ஜின் வாங்க வேண்டாம், புது எரிபொருள் தேட வேண்டாம். கையைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் ராபர்ட் பீபி இதே கணக்கைப் பிடித்துக்கொண்டவர். பாய் இல்லாமல் என்ஜினையே நம்பிச் சிறிய படகில் சமுத்திரம் கடக்க முடியுமா என்ற கேள்விக்கு, 1963-இல் 50 அடி 'பாசேஜ்மேக்கர்' என்ற படகை இறக்கிப் பதில் சொன்னார். மிதமான வேகம், நிறைய எரிபொருள், குறைந்த குதிரைத்திறன். இதுதான் அவர் வழி. 1975-இல் புத்தகமாகவும் எழுதினார். மேல்நாடுகளில் பாய்ப்படகில் ஊர் சுற்றிய பலர் வயதானபின், கயிறு இழுக்க முடியாமல், மீன்பிடி ட்ராலர் சாயலில் கட்டிய விசைப்படகுக்கு மாறுகிறார்கள். நம் தோணிக்காரர் மாறியதும் ஆள் பலம் மிச்சம் என்பதற்காகத்தான். காரணம் ஒன்று, கரை வேறு.

என்ஜின் ஏறினால் படகு என்ன ஆகும்?

பாய்க்கென்று கட்டிய மரக்கலத்தில் என்ஜினை வைப்பது, மாட்டு வண்டியில் மோட்டார் மாட்டுவது போல. ஓடும், ஆனால் ஒவ்வொரு மூட்டும் கேள்வி கேட்கும்.

ஒன்று, உருட்டம். பாய்மரம் இருக்கிற கலம் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். உயரத்தில் உள்ள மரத்தின் எடை நிலைமத் திருப்புத்திறனைக் கூட்டுகிறது, விரித்த பாய் காற்றில் அசைவைத் தணிக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் கலம் வெடுக் வெடுக்கென்று உருளும். "மரத்தை எடுத்தபிறகு வாந்தி வருது" என்றால் அது மனப்பிரமை அல்ல, இயக்கவியல். பீபியும் இதற்காகவே இரு பக்கமும் தண்ணீருக்குள் தணிப்பான்களைத் தொங்கவிட்டார், சிறு பாயும் வைத்திருந்தார்.

இரண்டு, அதிர்வு. மரக்கலம் என்பது ஏராவும் வங்குக்கால்களும் பலகைகளும் ஆணியால் சேர்ந்தது. பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்திருப்பார்கள். என்ஜினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், அதிர்வு அந்த இடுக்குகளைத்தான் முதலில் தளர்த்தும். கரையில் வைத்துச் சரிபார்த்த நேர்கோடு தண்ணீரில் இறக்கியபின் மாறும், ஏனென்றால் மரம் கொஞ்சம் வளையும். மிதக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று, புரொப்பல்லர். பெரிய விட்டம், மெதுவான சுற்று. மெதுவாக ஓடும் பாரக் கலத்துக்கு இதுதான் திறன் தரும். வேகமாகச் சுற்றும் என்ஜினை நேராக மாட்டாமல் குறைப்புப் பல்லிணை வைப்பது அதனால்தான். பாய்க்கலத்தின் ஒடுங்கிய பின்பக்கத்தில் பெரிய புரொப்பல்லருக்கு இடம் கிடைப்பது அடுத்த பிரச்சினை.

நான்கு, உப்புத் தண்ணீர். கடல்நீரை நேராக என்ஜினுக்குள் விட்டுக் குளிர்வித்தால் அரிப்பு சீக்கிரம் வரும். நன்னீர் சுற்றும் வெப்பமாற்றி இருந்தால் ஆயுள் கூடும். வெண்கலப் புரொப்பல்லரும் இரும்பு ஆணியும் ஒரே உப்புநீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி! இரும்பு கரையும். பலியாகக் கொஞ்சம் துத்தநாகத்தை மாட்டிவைக்க வேண்டும். முதலாண்டு வேதியியலில் படித்தது இங்கேதான் சோறு போடும்.

காற்று திரும்பி வருகிறது

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில் வழியில் முப்பந்தல் காற்றாலைகளும் அப்படியே. 1986-இல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடியில்தான் அமைந்தது. துறைமுகத்தில் பாய் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில் இறக்கைகள் எழுந்தன. காற்றுக்கு வேலை போகவில்லை, இடம் மாறியது.

கப்பலிலும் அது திரும்பிக்கொண்டிருக்கிறது. 2023-இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற பெரிய சரக்குக் கப்பல், மடக்கி நிமிர்த்தக்கூடிய இரண்டு பாய்களோடு ஓட்டம் தொடங்கியது. என்ஜின் இருக்கிறது. காற்று கிடைக்கும்போது பாய் உதவி செய்து எரிபொருளைக் குறைக்கிறது. 'விசை பொருத்திய பாய்மரக் கலம்' என்று நம் தோணிகளுக்கு வைத்த பெயர் இதற்கும் பொருந்துகிறது, இல்லையா?

நம் வேலை என்ன?

பழைய பாய்க்கே திரும்புங்கள் என்று கடலோரத்தில் போய்ச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டு மணி நேரத்தில் கரைக்கு வரவைக்கிற என்ஜின், உயிரைக் காப்பாற்றுகிற என்ஜின். ஆனால் நம்மில் பலர் நாளை ஒர்க்ஷாப்பிலோ, என்ஜின் விற்பனையிலோ, துறைமுகத்திலோ வேலைக்கு நிற்கப் போகிறோம். அப்போது ஓர் அண்ணாச்சி வந்து, "தம்பி, நம்ம போட்டுக்கு எத்தனை குதிரை போடலாம்?" என்று கேட்பார். கடையில் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவது சுலபம். அவர் ஐந்தாறு வருடம் கடன் கட்டுவார்.

அதற்குப் பதிலாக நான்கு கேள்வி கேளுங்கள். நீர்மட்டத்தில் படகின் நீளம் என்ன? வலை இழுக்கவா, சரக்கு ஏற்றவா, தூண்டில் போடவா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டம்? அந்த ஓட்டத்துக்கு டீசல் எத்தனை லிட்டர், மீன் கிடைக்காத நாளில் அந்தக் காசு எங்கிருந்து வரும்? பேப்பரும் பென்சிலும் எடுத்து அவர் முன்னாலேயே கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். "ஒரு நாட் குறைச்சா இவ்வளவு மிச்சம் அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார். காற்றைக் கணக்குப் பார்த்து வாழ்ந்த பரம்பரை அது, லிட்டர் கணக்கு அவருக்குப் புரியாமல் போகாது.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்